நாம் அறியாத நம் பாவங்கள்

"விளக்கடியில் இருட்டு" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. வீடு முழுவதற்கும் ஒளி தரும் விளக்கு, தன் காலடியில் கிடக்கும் இருளை மட்டும் அறிவதில்லை. கிறிஸ்தவ வாழ்விலும் இத்தகைய இருள் ஒன்று உண்டு. நாள்தோறும் செபிக்கிறோம், ஞாயிறுதோறும் திருப்பலி காண்கிறோம், ஏழைகளுக்கு உதவுகிறோம். ஆயினும் நம் காலடியில் கிடக்கும் ஒரு பாவத்தைக் காணாமலேயே ஒரு தலைமுறை வாழ்ந்து முடிந்துவிடலாம். அந்தப் பாவத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன்.

அன்புத் தோழியரே, தவக்காலம் வந்ததும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நாம் எவ்வாறு ஆயத்தமாகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பொய் சொன்னது, கோபப்பட்டது, தாய் தந்தையருக்குக் கீழ்ப்படியாதது, ஞாயிறு திருப்பலிக்குப் போகாமல் இருந்தது, தோழியைப் பற்றிப் புறங்கூறியது என்று ஒரு பட்டியலை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்கிறோம். இவை எல்லாம் பாவங்களே. ஆனால் இவை அனைத்தும் "நான்" செய்தவை. "நாம்" சேர்ந்து செய்தவை அந்தப் பட்டியலில் இடம் பெறுகின்றனவா? பாட்டி செய்தார், அம்மா செய்தார், ஆகவே நானும் செய்கிறேன் என்று வழக்கமாகவே போய்விட்ட ஒன்றை யாராவது பாவம் என்று குருவிடம் போய்ச் சொல்கிறார்களா?

நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் ஆகியவையே அவை. இவற்றுள் ஆத்தும சோதனையை முதலில் வைத்தது ஏன்? தெரியாத பாவத்துக்காக யாரும் மனஸ்தாபப்பட முடியாது என்பதால்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையான மனஸ்தாபத்தோடு பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, மறந்துபோன பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன என்பது திருச்சபையின் போதனை. பின்னர் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். எனவே, பழைய பாவம் ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று இரவெல்லாம் தூங்காமல் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அத்தகைய வீண் அச்சம் பக்தி ஆகாது. நான் பேச வந்தது மறந்துபோன பாவத்தைப் பற்றி அன்று. பாவம் என்றே ஒருபோதும் எண்ணப்படாத பாவத்தைப் பற்றி.

நம் தமிழகக் கிறிஸ்தவர்களிடையே அப்படி ஒரு பாவம் உண்டா? உண்டு. அதன் பெயர் சாதி வேற்றுமை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர் உண்டு. தமிழகக் கத்தோலிக்கர் பெருமையோடு நினைவுகூர வேண்டிய ஊர் அது. நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டர் என்னும் அரசு அலுவலர், 1745-ஆம் ஆண்டு இவ்வூரில்தான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்த குலம் எனப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், தாழ்ந்தவர் எனத் தள்ளிவைக்கப்பட்டோரோடு கூடிப் பழகினார், உடன் உண்டார். அதனாலும் பகை தேடிக்கொண்டார். 1752-ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன்னரே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டது.

அந்தப் புனிதர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் மறைந்து ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோயில் எழுந்தது. 1872-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கோயிலின் அமைப்பு விந்தையானது. பீடம் ஒன்று, மண்டபங்கள் இரண்டு. பீடத்திலிருந்து இரண்டு கால்கள்போல் விரிந்த அம்மண்டபங்களில், உயர்ந்த சாதியார் என்று தம்மைக் கருதியோர் ஒன்றிலும், மற்றவர்கள் மற்றொன்றிலும் இருந்து திருப்பலி கண்டனர். இரு பக்கத்தாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது! மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்று குறிப்பிட்டது பொருத்தமே.

1910-ஆம் ஆண்டு, பங்குத்தந்தையாக இருந்த சேசு சபைக் குரு கௌசானல் அந்தப் பிரிவினையை இடித்து அகற்றினார். பிறகு என்ன நடந்தது? கிறிஸ்துவின் பந்தியில் எல்லாரும் ஒன்றாய் அமரும் நாள் வந்ததே என்று யாவரும் மகிழ்ந்தார்களா? இல்லை. தங்கள் பழைய உரிமை பறிபோயிற்று என்று ஒரு சாரார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அங்கு வெளிவந்த தீர்ப்பில் அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

தோழியரே, இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் உறுத்துவது அந்த வழக்கு கூட அன்று. அந்தச் சுவர் நின்ற காலமெல்லாம் அங்கே திருப்பலி நடந்தது. தவக்காலம் தவறாமல் வந்தது. சுவரின் இரு பக்கத்து மக்களும் ஆத்தும சோதனை செய்து குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டார்கள். பொய்யைச் சொல்லியிருப்பார்கள், கோபத்தைச் சொல்லியிருப்பார்கள். சுவரைச் சொல்லியிருப்பார்களா? அவர்கள் கெட்டவர்கள் அல்லர். செபமாலை சொன்னவர்கள், நோன்பு இருந்தவர்கள், பிள்ளைகளைப் பக்தியோடு வளர்த்தவர்கள். சுவர் அவர்களுக்குத் தூணைப்போல, கூரையைப்போல, கோயிலின் ஒரு பகுதியாகவே தோன்றியது. அறியாத பாவம் என்பது இதுதான். அது பாவத்தின் உருவில் வருவதில்லை. மரபாக, மரியாதையாக, ஒழுங்காக வந்து நம் நடுவே அமர்ந்துகொள்கிறது.

"அக்காலத்தில் யாருக்கும் இது தவறென்று தெரியாது" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அதுவும் முற்றிலும் சரியன்று. 1744-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், நம் நாட்டு மறைப்பணி பற்றி வெளியிட்ட ஆணையில், ஒடுக்கப்பட்ட மக்களின் இல்லங்களுக்குள் குருக்கள் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆனால் நடைமுறையில், அம்மக்களுக்கென்று தனியே சில குருக்களை ஒதுக்கிவிடுவது என்ற ஏற்பாடே உருவாயிற்று. கட்டளையும் நிறைவேறியதுபோல் ஆயிற்று. வேற்றுமையும் குறையாமல் நின்றது! உண்மையை ஒருவர் சொல்லத்தான் செய்கிறார். அதைக் காதில் வாங்காமல் இருக்க நாம் வழி கண்டுபிடித்துவிடுகிறோம்.

வடக்கன்குளம் தொலைவில் உள்ள ஊர், நூறாண்டுக்கு முந்தைய கதை என்று எண்ணிவிட வேண்டா. நாம் வாழும் செங்கற்பட்டுச் சீமைக்கே வருவோம். 1891-ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுதவர்கள் அவர்கள், நிலம் அவர்களுடையதன்று. குடிசை நின்ற மனைக்குக்கூட மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினர். அந்த அறிக்கையின் பயனாக 1892-ஆம் ஆண்டு முதல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதையே பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதை வேறு சமூகத்தார் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமோ கைமாறிப் போயிற்று.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அத்தகைய நிலத்தை மீட்கக் கோரி மக்கள் திரண்டனர். 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் இழந்தனர். ஒருவர் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது, மற்றவர் பெயர் திருமலையை நினைவூட்டுவது. மண் இல்லாதவர்களின் துயரம் மதம் பார்த்து வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் சிறுசேரியையே பாருங்கள். வயலும் ஏரியுமாக இருந்த ஊரில் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. ஒரு கிரவுண்டு நிலத்தின் விலையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். அன்று யாருக்கு நிலம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது, இன்று யார் வீட்டுப் பிள்ளை கவலையின்றிக் கல்லூரிக்குப் போகிறாள் என்பதையும் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. பழைய பாவம் பழையதாகவே கிடப்பதில்லை. வட்டியோடு வளர்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். "முன்னோர் செய்த தவற்றுக்கு நான் ஏன் மனம் வருந்த வேண்டும்? தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்று இறைவாக்கினர் எசேக்கியேலே கூறியிருக்கிறாரே!" நியாயமான கேள்விதான். பிறர் செய்த பாவத்தின் குற்றம் நம்மைச் சாராது. ஆனால் அதே விவிலியத்தில் நெகேமியாவின் காலத்து மக்கள் ஒன்றுகூடித் தங்கள் பாவங்களோடு முன்னோரின் பாவங்களையும் அறிக்கையிட்டதைப் படிக்கிறோம். தானியேலும் அவ்வாறே மன்றாடினார். இவை ஒன்றுக்கொன்று முரண் அல்ல. அப்பா வாங்கிய கடனுக்காக மகளை யாரும் திருடி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கடன் பணத்தில் கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டு, கடன்காரர் வந்து நின்றால் "நீர் யார்?" என்று கேட்பது நேர்மையாகுமா? குற்றம் நமக்கு வருவதில்லை. வீடு வருகிறது, வீட்டோடு பொறுப்பும் வருகிறது. அந்தச் சுவரை நாம் கட்டவில்லை என்பது மெய்யே. அது நம் காலத்திலும் நின்றால், நிற்க விட்டவர்கள் நாம்தாம்.

திருச்சபையே இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் செய்த பாவங்களுக்காக வெளிப்படையாக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். யூத மக்களுக்கு இழைத்த தீமை, பெண்களின் மாண்புக்கு எதிரான பாவம் ஆகியவையும் அதில் அடங்கும். 2022-ஆம் ஆண்டு ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடா நாட்டுக்குச் சென்று, அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் பட்ட துன்பங்களுக்காக நேரில் மன்னிப்புக் கேட்டார். அப்பள்ளிகளை நடத்தியோரில் பலர் தாங்கள் நன்மையே செய்வதாக நம்பினர். நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டே பாவம் செய்ய முடியும் என்பதை நாம் அச்சத்தோடு நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டு ஆயர்களும் பேசாமல் இருந்துவிடவில்லை. 1982-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை, சாதி மனப்பான்மை கிறிஸ்தவத்தை மறுதலிப்பதாகும் என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதையே வலியுறுத்தினார். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையையே வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார்.

ஆயினும் 2008-ஆம் ஆண்டு மார்ச்சில் விழுப்புரம் பகுதியிலுள்ள ஏறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கரிடையே சாதியின் பெயரால் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சுவரை எதிர்த்து 2010-ஆம் ஆண்டில் போராட்டம் நடந்தது. உயிரோடு இருக்கும்போது பிரிந்திருந்தது போதாதென்று, உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கும் இடத்திலும் பிரிவா!

அறிக்கைகள் இத்தனை இருந்தும் பாவம் ஏன் போகவில்லை? நாம் ஐந்து காரியங்களில் நான்கோடு நின்றுவிடுகிறோம் என்பதே என் கருத்து. நினைத்துப் பார்க்கிறோம், வருந்துகிறோம், தீர்மானம் செய்கிறோம், அறிக்கையும் விடுகிறோம். ஐந்தாவதான அபராதம் தீர்த்தல் மட்டும் விடுபட்டுப்போகிறது. சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். அவன் மரத்திலிருந்து இறங்கி வந்து கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுப்பதாகச் சொன்னான். அப்பொழுதுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததென ஆண்டவர் அறிவித்தார். திரும்பக் கொடுக்காத மனஸ்தாபம், விதைக்காமல் உழுது மட்டும் போட்ட நிலத்தைப்போன்றது.

பள்ளி மாணவிகளாகிய நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? சாதி என்பது பெரியவர்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிட முடியாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தாள். அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ஆம் ஆண்டு ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் தடை செய்யப் பரிந்துரைத்தது. இந்தப் பாவம் பள்ளிப் பையிலேயே ஏறி வந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை ஆத்தும சோதனை செய்யும்போது, வழக்கமான கேள்விகளோடு இன்னும் சிலவற்றையும் நாம் கேட்டுக்கொள்ளலாம்.

புதிதாக வகுப்பில் சேர்ந்த ஒருத்தியிடம், "உன் ஊர் எது?" என்று கேட்டுவிட்டு, "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வி கேட்கிறோமா? அந்த இரண்டாவது கேள்வி எதற்காக?

உணவு இடைவேளையில் யாருடைய டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறோம், யாருடையதைத் தொடுவதே இல்லை?

நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? அவரை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? அவரைவிட வயதில் இளைய ஆசிரியையை "மிஸ்" என்று பணிவோடு அழைக்கும் நாம், அவரை மட்டும் "வா, போ" என்று ஒருமையில் அழைப்பது ஏன்?

பங்குத் திருவிழாவில் தேர் எந்தத் தெருவரை போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை? அதைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

இன்னும் சில ஆண்டுகளில் நமக்குத் திருமணப் பேச்சு எழும். "ஆர்.சி. கிறிஸ்தவ மணமகன் தேவை" என்ற விளம்பரத்தில், கிறிஸ்தவர் என்ற சொல்லை ஒட்டியே சாதிப் பெயரும் அச்சாவதைப் பார்க்கிறோம். திருமுழுக்கில் எல்லாரும் ஒரே குடும்பமானோம் என்று சொல்லிவிட்டு, பெண் பார்க்கும்போது அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். வீட்டுப் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது மரியாதையாகுமா என்று தயங்குவோம். பணிவோடு ஒரு கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாது. அவர்கள் அறியாமல் சுமந்துவந்த பாரத்தை இறக்கிவைக்க உதவுவதும் பிள்ளைகள் செய்யும் சேவைதான்.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது மனம் நோகும். நோகட்டும். முள் தைத்த இடத்தைத் தொட்டால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறதே என்று விட்டுவிட்டால் சீழ் வைக்கும். அதே வேளையில் தாழ்வு மனப்பான்மைக்கும் தேவையில்லை. நம்மில் பலர் அந்தச் சுவரின் மறுபக்கத்தில் நிறுத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. இந்தப் பாவத்துக்கு மனம் வருந்த வேண்டிய கடமை உங்களுடையதன்று. வருந்துகிறேன் என்று வருபவர்களிடம், "அபராதம் எங்கே?" என்று கேட்கும் உரிமை உங்களுடையது. அந்த உரிமையைக் கூச்சமின்றிக் கையாளுங்கள்.

வள்ளுவப் பெருந்தகை, அயலார் குற்றத்தைக் காண்பதுபோலவே தம் குற்றத்தையும் காண வல்லவருக்குத் தீங்கே இல்லை என்று நமக்குக் கற்பித்தார். ஒரு மனிதருக்குப் பொருந்தும் இந்த அறம் ஒரு சமூகத்துக்கும் பொருந்தும். பிற சமயத்தவரிடம் உள்ள சாதியைச் சுட்டிக்காட்டுவது எளிது. நம் கோயிலில், நம் வீட்டில், நம் வகுப்பறையில் உள்ளதைக் காண்பதே கடினம். கடினமானது என்பதால்தான் அதைத் தவம் என்கிறோம்.

வடக்கன்குளத்துச் சுவர் தானாக விழவில்லை. யாரோ ஒருவர் அதைச் சுவர் என்று முதலில் கண்டார். கண்டதால் இடிக்க முடிந்தது. நம் காலத்துச் சுவர்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை மட்டும் அல்ல. டம்ளரிலும், அழைக்கும் சொல்லிலும், திருமண விளம்பரத்திலும் அவை நிற்கின்றன. இவற்றை இடிக்கக் கடப்பாரை தேவையில்லை. காணும் கண்ணும், கேட்கும் துணிவும், திரும்பக் கொடுக்கும் மனமும் போதும். படிக்கும் வயதிலேயே அந்த மூன்றையும் ஆண்டவரிடம் கேட்போம். நமக்குப் பின் இப்பள்ளிக்கு வரும் தங்கைகளாவது, "இப்படியும் ஒரு காலம் இருந்ததா?" என்று வியந்து கேட்கட்டும்.